பொருள் அறியாப் பிள்ளையின் செபம்

தாம்பரத்திற்கும் குரோம்பேட்டைக்கும் இடைப்பட்ட எங்கள் பங்கில், ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு நடைபெறும். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைகளுக்கு நான் செபங்களைக் கற்பித்து வருகின்றேன். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று சிறுவன் ஒருவன் எழுந்து நின்று பரலோக மந்திரத்தைத் தடையின்றி ஒப்புவித்தான். ஆனால், அவன் கண்கள் அடிக்கடி உள்ளங்கையை நோக்கித் தாழ்ந்தன. கையில் மடித்த தாள் ஒன்று. வாங்கிப் பார்த்தேன். தமிழ்ச் செபம் முழுவதும் ஆங்கில எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது.

"தமிழ் படிக்க வராதா, தம்பி?"

"பேச வரும் சார். படிக்க வராது."

"இதை யார் எழுதிக் கொடுத்தது?"

"அப்பா."

"பரலோகம் என்றால் என்ன?"

அவன் நெடுநேரம் எண்ணிப் பார்த்தான். "தெரியாது சார். பாட்டி சொல்லச் சொன்னாங்க."

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, கோயில் வாசலில் சிறுவனின் தந்தையும் பாட்டியும் நின்றுகொண்டிருந்தனர். இந்தப் பேச்சு அவர்களுக்குள் புதிதன்று என்பது முகத்திலேயே தெரிந்தது. "சார், நீங்களே சொல்லுங்க. அவனுக்குப் புரிகிற மொழியில் செபிக்கட்டுமே. ஆங்கிலத்தில் சொன்னால் கடவுளுக்குக் கேட்காதா?" என்றார் தந்தை. பாட்டி தூத்துக்குடிப் பக்கத்தவர். அவர் மகனுக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தே பேசினார். "எங்க அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்த செபம் சார் இது. நாளைக்கு நான் கண்ணை மூடப் போகிற நேரத்தில் இவன் என் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பாஷையில் செபம் சொல்லுவான்?"

இருவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அடுத்த வாரம் பேசுவோம் என்று கூறி நழுவினேன். உண்மையைச் சொன்னால், என்னிடம் விடை இல்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் என் சிறுவயது நினைவுக்கு வந்தது. பீடச் சிறுவனாக இருந்த நாளில் குருவானவருக்கு மறுமொழி கூற இலத்தீன் செபங்களை மனப்பாடம் செய்தேன். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. தவறினால் உபதேசியார் காதைத் திருகுவார். 1963-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டிற்கு வழிதிறந்தது. சில ஆண்டுகளில் அந்த இலத்தீன் மறைந்தது. அதற்காக நான் வருந்தியதில்லை. தமிழில் பூசை கேட்ட முதல் நாள் என் தாயார் அழுததையும் மறக்கவில்லை. புரியாமல் சொன்ன செபம் போய்ப் புரிந்து சொல்லும் செபம் வந்தது என்று மகிழ்ந்த தலைமுறை எங்களுடையது. இப்போது அதே தமிழ், அந்தச் சிறுவனுக்கு இலத்தீனாகிவிட்டதே!

இந்தக் கேள்வியை நம்மைவிட நெடுங்காலம் எதிர்கொண்ட மக்கள் உலகில் உண்டு. அவர்களை எண்ணிப் பார்க்க நான் தொலைவுக்குச் செல்ல வேண்டியிருக்கவில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பல்லாவரம், திரிசூலம் கடந்து சென்றால் பரங்கிமலை கண்ணில் படும். அம்மலையில் வேதசாட்சியாக உயிர்நீத்தார் என மரபு கூறும் தோமையார் யார்? ஒரு யூதர். கலிலேயாவின் ஏதோ ஒரு வீட்டில், தாயின் மடியிலிருந்து, வீட்டில் பேசாத மொழியொன்றில் செபம் கற்ற பிள்ளை அவர்.

இதை நம்மில் பலர் கருதிப் பார்ப்பதில்லை. இயேசுபிரான் காலத்துக் கலிலேயாவில் சாதாரண மக்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசியது அரமேய மொழி. மறைநூலோ எபிரேயத்தில் இருந்தது. இரண்டும் உடன்பிறந்த மொழிகள்தாம், என்றாலும் ஒன்றல்ல. நாசரேத்தூர்ச் செபக்கூடத்தில் இயேசு எசாயாவின் ஏட்டுச்சுருளை விரித்து வாசித்தார் என்று லூக்காஸ் நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் படிக்கின்றோம். அப்படி வாசிக்க யாரோ அவருக்கு எழுத்துக் கற்பித்திருக்க வேண்டுமன்றோ?

தோமையாரைப் பற்றி மூன்றாம் நூற்றாண்டளவில் எழுந்த 'தோமையார் பணிகள்' என்னும் நூலில் ஓர் இனிய கதை வருகின்றது. அது திருமுறையில் சேராத நூல். வரலாறாகக் கொள்ளல் ஆகாது. இந்தியாவுக்கு வரும் வழியில் ஒரு மன்னனின் மகள் திருமணத்திற்குத் தோமையார் அழைக்கப்படுகின்றார். விருந்தில் அவர் எபிரேய மொழியில் ஒரு பாடல் பாடுகின்றார். கூடியிருந்த எவருக்கும் அது விளங்கவில்லை. குழலூதும் பெண் ஒருத்திக்கு மட்டும் விளங்கியது. அவள் எபிரேயப் பெண். குழலைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தபடி அமர்ந்துவிடுகின்றாள். அந்நிய நாட்டு விருந்துக் கூடத்தில், பிள்ளைப் பருவத்தில் கேட்ட மொழி காதில் விழுந்தால் யாருக்குத்தான் கை வேலை ஓடும்?

எழுத்தில் தேன்

யூதர்கள் தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முதற் செபம் 'ஷெமா'. இறைவன் ஒருவரே என அறிக்கையிடும் இச்செபம் இணைச்சட்ட நூலின் ஆறாம் அதிகாரத்தில் உள்ளது. அதை அடுத்து வரும் வசனங்களிலேயே, இதை உன் பிள்ளைகளுக்குக் கற்பி என்ற கட்டளையும் அமைந்திருக்கின்றது. காலையில் ஒருமுறை, இரவு கண்ணுறங்குமுன் ஒருமுறை. குழந்தை பேசத் தொடங்கியதும் தாய் தந்தையர் அதன் முதல் வரியைச் சொல்லிக் கொடுப்பர். சாவின் நேரத்திலும் அதே வரிதான். அந்தப் பாட்டி என்னிடம் கேட்டதும் ஏறக்குறைய இதுவே.

வீட்டில் தொடங்கியது பள்ளிக்கு வந்தது. எருசலேம் ஆலயம் அழியுமுன், 64-ஆம் ஆண்டளவில் தலைமைக் குருவாக இருந்த யோசுவா பென் கம்லா, ஊர்தோறும் ஆசிரியர்களை அமர்த்தி ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார் எனத் தல்மூத் நூல் கூறுகின்றது. தந்தையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிப்பார் யார் என்ற கவலையே அதற்குக் காரணமாம். ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். 40 ஆனால் ஓர் உதவியாளர். 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள் என்று அந்நூல் கணக்கும் வகுத்திருக்கின்றது. நம் பள்ளிகளின் வகுப்பறைகளில் எத்தனை பிள்ளைகள் அடைந்து கிடக்கின்றனர் என்பதை நான் இங்கு சொல்லப் போவதில்லை.

பிற்காலத்தில் ஐரோப்பாவின் யூதத் தெருக்களில் இத்தகைய பள்ளிக்கு 'ஹெதேர்' என்று பெயர். பொருள் 'அறை', அவ்வளவுதான். பெரும்பாலும் அது ஆசிரியரின் வீட்டிலேயே ஓர் அறை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் உடன்பிறப்பு எனலாம். பாடம் உரக்க ஒப்புவித்தல், பிரம்பு, ஆசிரியரின் வறுமை எல்லாம் அங்கும் உண்டு. முதல் நாளில் எழுத்துப் பலகையின்மேல் தேன் தடவி, எழுத்துகளைப் பிள்ளையை நாவால் சுவைக்கச் செய்யும் வழக்கம் இடைக்காலத்தில் இருந்தது. நெல்லில் விரல்பிடித்து எழுதிப் பழகியவர்களுக்கு இதன் கருத்து எளிதில் விளங்கும்.

எபிரேய எழுத்துகள் 22. வலமிருந்து இடமாக எழுதுவர். நம் இலக்கணச் சொல்லால் கூறினால், அவை அனைத்தும் மெய்யெழுத்துகள். உயிர் தனியே எழுதப்படுவதில்லை. பிள்ளைகளுக்கான ஏடுகளில் எழுத்தின் கீழும் மேலும் சிறு புள்ளிகளும் கோடுகளும் இட்டு உயிரொலியைக் காட்டுவர். ஆனால், செபக்கூடத்தில் வாசிக்கப்படும் தோரா என்னும் சட்டநூலின் தோல்சுருளில் அப்புள்ளிகள் கிடையா. வெறும் மெய்யைப் பார்த்து உயிரைத் தன் நினைவிலிருந்து ஊட்டியே பிள்ளை வாசிக்க வேண்டும். எந்த இடத்தில் எந்தப் பண் என்பதும் சுருளில் குறிக்கப்படாது. 13 வயது நிறைந்த சிறுவன் முதன்முறையாகச் சபையின்முன் நின்று, தோலை விரலால் தொடாமல் கை வடிவில் அமைந்த கோலால் வரிகளைச் சுட்டிக்கொண்டு, அதை இசையுடன் வாசிக்கின்றான். ஆண்டுக்கணக்கான பயிற்சி இதற்குப் பின்னே இருக்கின்றது.

நம் முதியவர்களுக்கு அந்த எழுத்துகளின் பெயர்கள் முற்றிலும் புதியவை அல்ல. பழைய புனித வார வழிபாட்டில் எரேமியாவின் புலம்பலை இலத்தீனில் பாடும்போது, ஒவ்வொரு வசனத்தின் தொடக்கத்திலும் 'ஆலெப்', 'பேத்', 'கிமெல்' என்று எபிரேய எழுத்தின் பெயரையும் இராகத்துடன் பாடுவார்கள். அது ஏதோ துயரச் சொல் என்றே சிறுவயதில் நான் நினைத்திருந்தேன். அரிச்சுவடியின் முதல் மூன்று எழுத்துகள் என்பது பிறகுதான் தெரிந்தது. 'ஆமென்', 'அல்லேலூயா', 'ஓசன்னா' ஆகியவை எபிரேயம் என்பதையும் எண்ணாமலேதான் நாள்தோறும் சொல்லுகின்றோம்.

ஒரு செபம் மட்டும் எஞ்சிய கதை

பொருள் அறியாமல் சொல்லும் செபத்தால் என்ன பயன் என்று கேட்போர், நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு வரலாற்றை அறிவது நன்று.

மராட்டியக் கடற்கரையில் கொங்கண் கிராமங்களில் 'பெனே இஸ்ராயேல்' என்னும் யூதர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். செக்கில் எண்ணெய் ஆட்டுவது அவர்கள் தொழில். சனிக்கிழமைகளில் செக்கு ஓடாது; ஆகையால் ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர் என்று அழைத்தனர். பேச்சு மராத்தி. உலகின் பிற யூதர்களோடு தொடர்பு அற்றுப்போனது. நூல் இல்லை, குரு இல்லை, பள்ளி இல்லை. எபிரேயம் மறந்தே போயிற்று. எஞ்சியது ஒன்றே ஒன்று: 'ஷெமா'வின் சொற்கள். திருமணமா, விருத்தசேதனமா, சாவு வீடா, எதுவாயினும் அதே செபம். பொருள் ஒருவருக்கும் தெரியாது.

தாவீது ரஹாபி என்ற யூதர் அவர்களிடையே வந்தார் என்றும், அவர்கள் உண்மையில் யூதரோ என ஆராய்ந்தார் என்றும் அவர்களின் மரபு கூறும். பலவகை மீன்களைப் பெண்களிடம் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். செதிளும் துடுப்பும் இல்லாத மீன்களை அவர்கள் ஒதுக்கிவிட்டனர்; மோசேயின் சட்டம் விலக்கிய மீன்கள் அவையே. அடுப்பங்கரையில் அந்தப் பெண்கள் சட்டத்தையும், பிள்ளைகளின் நாவில் அந்த ஒரு செபத்தையும் காத்து வைத்திருந்தனர். ரஹாபி மூன்று இளைஞர்களைத் தெரிந்தெடுத்து எபிரேயம் கற்பித்தார். அவர்களின் வழிவந்தோர் பல தலைமுறைகள் ஊர் ஊராகச் சென்று செபம் நடத்தினர்.

பிறகு பம்பாய் வளர்ந்தது. செக்கை விட்டுப் பலர் நகருக்கும் கம்பெனிப் படைக்கும் சென்றனர். சாமுவேல் எசேக்கியேல் திவேகர் என்ற படைத்தலைவர், மைசூர்ப் போரில் சிறைப்பட்டு மீண்டதற்கு நன்றியாக 1796-இல் பம்பாயில் அவர்களின் முதற் செபக்கூடத்தைக் கட்டினார். கட்டடம் வந்துவிட்டது, வாசிக்கத் தோரா வேண்டுமே! அதைத் தேடிக் கொச்சிக்குச் சென்றவர் 1797-இல் அங்கேயே காலமானார். கற்பிக்கும் ஆசிரியர்களும் கொச்சியிலிருந்தே வந்தார்கள்.

இவ்விடத்தில் ஒரு விந்தை. 1829-இல் பம்பாய் வந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் வில்சன், மராத்தி மொழியில் எபிரேய இலக்கண நூல் ஒன்றை எழுதி 1832-இல் வெளியிட்டார். கிறிஸ்தவர் நடத்திய பள்ளியில் யூதப் பிள்ளைகள் தம் முன்னோரின் மொழியைக் கற்றனர்! அவர்கள் மதம் மாறுவர் என்று மிஷனரிகள் எதிர்பார்த்தார்கள். மிகச் சிலரே மாறினர்; ஏனையோர் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டு செபக்கூடத்திற்குத் திரும்பினர். 1846-இல் பாஸ்கா விருந்துச் செபநூல் மராத்தி மொழிபெயர்ப்புடன் அங்கு அச்சாயிற்று. 1875-இல் ஹாயீம் சாமுவேல் கெஹீம்கர் முயற்சியால் பம்பாயில் அவர்களுக்கெனப் பள்ளி ஒன்று தோன்றி, எபிரேயமும் பாடமாயிற்று. பின்னாளில் சர் எல்லி கதூரி பள்ளி எனப் பெயர் பெற்றது அதுவே.

நூலும் பள்ளியும் வந்து சேர்ந்தது பிற்பாடு. பொருளும் பிற்பாடே வந்தது. ஆனால், வந்து ஒட்டிக்கொள்வதற்கு ஏதோ ஒன்று முன்னமே நாவில் இருந்திருக்க வேண்டாமா?

கொச்சியின் மேல்மாடி

ஆசிரியர்களை அனுப்பிய கொச்சியின் நிலை வேறு. அங்கே எபிரேயம் அற்றுப்போகவேயில்லை. மட்டாஞ்சேரியிலும் எர்ணாகுளத்திலும் பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் மாளாவிலுமாக எட்டுச் செபக்கூடங்கள் இருந்தன. சேந்தமங்கலத்தில் 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த சாரா என்னும் பெண்ணின் கல்லறைக்கல் எபிரேய எழுத்துடன் நிற்கின்றது.

கேரளச் செபக்கூடங்களில் வேறெங்கும் காணாத ஓர் அமைப்பு உண்டு. கூடத்தின் நடுவே ஒரு வாசக மேடை; மாடியில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னே இன்னொரு மேடை. திருநாட்களில் தோரா மேலே வாசிக்கப்படும். பெண்களுக்கும் அது வெகு அருகில் கேட்கும். சில இடங்களில் அந்த மாடியை ஒட்டிய அறையே பிள்ளைகளின் எபிரேய வகுப்பறை. அங்கே சிறுவரோடு சிறுமியரும் எழுத்துக் கற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. உலகின் வேறு பல பகுதிகளில் அக்காலத்தில் யூதச் சிறுமியருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. எபிரேய வசனத்தைச் சொல்லுக்குச் சொல் மலையாளத்தில் பெயர்த்துச் சொல்லும் முறைக்குத் 'தம்சீர்' என்று பெயர். செபம் எபிரேயத்தில், பொருள் மலையாளத்தில். தந்தை ஆங்கிலம் என்கின்றார், பாட்டி தமிழ் என்கின்றார். இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கொச்சியார் அப்படி எண்ணவில்லை.

மட்டாஞ்சேரியில் 1912-இல் பிறந்த ரூபி டேனியல், தம் நினைவுகளை 1995-இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். வீட்டில் மலையாளம், செபத்தில் எபிரேயம், பள்ளிப்படிப்போ எர்ணாகுளத்தில் நம் கன்னியர் நடத்தும் புனித தெரேசாள் கான்வென்டில். மூன்று உலகங்களிலும் அவர் வளர்ந்தார். பெண்கள் திருமணத்திலும் திருநாளிலும் பாடிய மலையாள யூதப் பாடல்கள் தாய்மாரின் கைந்நோட்டுகளில் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்டு வந்தன. அவையும் ஒருவகை மறைக்கல்விதானே!

நூல்களுக்கு நேர்ந்த கேட்டையும் சொல்லியாக வேண்டும். 1662-இல் போர்த்துக்கீசியர், டச்சுக்காரருக்குத் துணைநின்றதற்குப் பழியாக மட்டாஞ்சேரிப் பரதேசி செபக்கூடத்தைத் தாக்கி எரித்தனர், ஏடுகள் அழிந்தன. எரித்தவர்கள் கத்தோலிக்கர். 1686-இல் ஆம்ஸ்டர்டாம் நகர யூதர்களின் தூதுக்குழு கொச்சிக்கு வந்து நிலைமையைக் கண்டது; அதன்பின் அங்கிருந்து எபிரேய நூல்கள் கப்பலில் வந்தன. யூதர்களைப் பற்றிய கடுஞ்சொல் ஒன்று பெரிய வெள்ளிச் செபத்திலேயே நம்மிடம் இருந்தது. 1959-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் அதை நீக்கினார். 1965 அக்டோபர் 28-இல் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, அம்மக்களோடு நமக்குள்ள உறவை வெளிப்படையாக ஏற்றது. காலம் கடந்தே செய்தோம்.

குறை அவர்களிடமும் இல்லாமல் இல்லை. பரதேசி செபக்கூடத்தில், அடிமைகளின் வழிவந்தோர் எனக் கருதப்பட்டவர்கள் சரிசமமாக அமரவும் தோரா வாசிக்கவும் விடப்படவில்லை. செபம் தெரியும், எழுத்துத் தெரியும், ஆயினும் இடம் இல்லை. அவர்களுள் ஒருவரான ஏ. பி. சேலம், சென்னையில் படித்து வழக்கறிஞரானவர், காந்தியடிகள் வழியில் செபக்கூடத்திற்குள்ளேயே அறப்போர் நடத்தி அத்தடையைச் சிறிது சிறிதாகத் தகர்த்தார். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் கண்ட தமிழ்க் கத்தோலிக்கர் நாம், இதைப் படித்து வியக்க உரிமை இல்லாதவர்கள்.

சென்னையிலும் யூதர்கள் வாழ்ந்தனர். ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு என்னும் பெயர், பவழமும் வைரமும் வாணிபம் செய்த அவர்களை இன்றும் நினைவூட்டும். 1688-இல் சென்னை நகராட்சி அமைந்தபோது அதன் உறுப்பினர்களில் யூத வணிகரும் இருந்தனர். பெருஞ்செல்வர், ஆனால், வணிகத்திற்காக வந்தவர்கள். வணிகம் தளர்ந்ததும் குடும்பங்கள் கலைந்தன. இன்று லாயிட்ஸ் சாலையில், பழைய இடத்திலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து நடப்பட்ட சில கல்லறைக் கற்கள் உள்ளன. எபிரேயம் பொறித்த கற்கள். சுற்றிலும் நெரிசலான வீடுகள். வாசிக்கப் பிள்ளைகள் இல்லை.

கொச்சியிலும் இப்போது ஏறத்தாழ அதே நிலைதான். 1954, 55-ஆம் ஆண்டுகளை ஒட்டி, ஏறக்குறைய 2,400 பேரில் பெரும்பாலோர் இஸ்ராயேலுக்குக் குடிபெயர்ந்தனர். பரவூர், சேந்தமங்கலம் செபக்கூடங்கள் அருங்காட்சியகங்களாகிவிட்டன. கொல்கத்தாவில் 1881-இல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளியில் இன்று பயில்வோர் பெரும்பாலும் முஸ்லிம் சிறுமியர். பள்ளி நன்றாகவே நடக்கின்றது.

இஸ்ராயேலில் கொச்சியாரின் பேரப்பிள்ளைகளுக்கு எபிரேயம் தெருவில் விளையாடும் மொழி. ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் எவருக்கும் தாய்மொழியாக இல்லாமல், செபத்திலும் பள்ளியறையிலுமே வாழ்ந்த மொழி அது. எருசலேமில் எலியேசர் பென் யெகூதா என்பவர், வேறு மொழியின் ஒலியே காதில் விழாமல் தம் மகனை எபிரேயத்தில் வளர்த்தார். 1882-இல் பிறந்த அக்குழந்தையே புதுக்காலத்தில் எபிரேயத்தைத் தாய்மொழியாகப் பேசிய முதற்பிள்ளை என்பர். ஆனால், அந்நாட்டில் இப்போது மறைந்துவருவது மலையாளம்! பாட்டிமாரின் பாடல்கள் பேரப்பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. பேராசிரியர் ஸ்கறியா ஸக்கறியாவும் ஓபிரா கம்லியேலும் அவற்றைத் தொகுத்து, மலையாள மூலத்துடனும் எபிரேய மொழிபெயர்ப்புடனும் 'கார்குழலி' என்னும் நூலாக 2005-இல் எருசலேமில் வெளியிட்டனர். இதைப் படித்தபோது, ஆங்கில எழுத்தில் பரலோக மந்திரம் எழுதிய அந்தத் தாள் என் கண்முன் வந்தது.

அடுத்த ஞாயிறு நான் சிறுவனின் தாளைக் கிழித்தெறியவில்லை. அதன் மறுபக்கத்தில் செபத்தின் முதல் வரியை மட்டும் பெரிய தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வாரம் ஒரு வரி. பொருளை ஆங்கிலத்தில் நான் சொல்வேன். தமிழில் பாட்டி சொல்ல வேண்டும். பிள்ளைகள் உற்சாகம் கொள்ளட்டும் என்று, எபிரேய மறைநூலிலேயே தமிழ்ச்சொல் உண்டு என்ற செய்தியையும் சொல்லி வைத்தேன்: சாலமோன் அரசரின் கப்பல்கள் கொணர்ந்த மயில்களைக் குறிக்கும் 'துக்கி' என்னும் சொல் நம் 'தோகை'யே என்று கால்டுவெல் கருதினார். சிறுவன் ஒரு வாரம் முழுவதும் 'தோகை, துக்கி' என்று சொல்லித் திரிந்தானாம்.

தந்தைக்கு மட்டும் முகம் தெளியவில்லை. ஒருநாள் தனியே வந்து தயங்கியபடி சொன்னார். அவருடைய தந்தை விமானப்படையில் பணியாற்றியவர். ஊர் ஊராக வடக்கே மாற்றலாகிச் சென்ற குடும்பம். "எனக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது சார். அம்மாவுக்கு இது பெரிய குறை. அதனால்தான் அந்தத் தாளில் அப்படி எழுதிக் கொடுத்தேன்." ஆங்கிலத்தில் செபித்தால் போதாதா என்று அன்று அவர் கேட்டது மகனுக்காக மட்டுமன்று என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவருக்கு அக்கிபாவின் கதையைச் சொன்னேன். ஆடு மேய்த்துத் திரிந்த எழுத்தறியாத யூதர் அவர். நாற்பது வயதில் தம் சிறு மகனையும் கூட்டிக்கொண்டு அரிச்சுவடி ஆசிரியரிடம் போனார். எழுத்துப் பலகையின் ஒரு முனையைத் தந்தை பிடித்துக்கொள்ள, மறுமுனையை மகன் பிடித்துக்கொண்டான் என்று பழைய நூல்கள் கூறும். பின்னாளில் இஸ்ராயேலின் மாபெரும் ஆசான்களுள் ஒருவரானார். உரோமையர் அவரை வதைத்துக் கொன்றபோது, அவர் நாவில் இருந்தது 'ஷெமா'.

"எனக்கு நாற்பத்து மூன்று சார்" என்று சிரித்துவிட்டுப் போனார் அவர்.

இரண்டு ஞாயிறு கழித்து வகுப்பின் கடைசிப் பெஞ்சில் வந்து அமர்ந்தார். பெஞ்சு பிள்ளைகளுக்கானது, முழங்காலை மடக்க இடமில்லை. மகன் எழுந்துபோய் அருகே உட்கார்ந்துகொண்டு, தாளில் ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டி, "இது 'ர' இல்லப்பா, 'ற'. நல்லா அழுத்திச் சொல்லணும்" என்றான். வாசலில் சாய்ந்து நின்ற பாட்டி செபமாலையைக் கையில் உருட்டியபடி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.